பல் விழுவதுபோல் கனவு கண்டால் என்ன அர்த்தம்?

எனக்கு அப்போது 14 வயது. படிவம் 2 படித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் விடியற்காலையில், என் முன்பற்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்து உள்ளங்கையில் விழுவதுபோல் கனவு கண்டேன். காலையில் பசியாறும்போது அதை வீட்டில் சொன்னேன். "பல் விழுந்தா வீட்டுப் பெரியவங்களுக்கு ஆகாதே" என்று பக்கத்து வீட்டு அத்தை முகத்தைச் சுளித்தார். மாமாவின் கவலை வேறு. கனவுக்கு எண் சொல்லும் புத்தகத்தைத் தேடி எடுத்து, பல்லுக்கு உரிய நான்கு இலக்கத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டு கிளம்பினார்.

மாமாவின் நம்பர் அடிக்கவில்லை. ஆனால் ஒன்பது நாள் கழித்து, நெடுங்காலமாகப் படுக்கையில் இருந்த என் தாத்தா காலமானார்.

அதற்குப் பிறகு பல வாரங்கள் தூங்கவே பயந்தேன். அந்தக் கனவை நான் காணாமல் இருந்திருந்தால், கண்டாலும் வாய் திறந்து சொல்லாமல் இருந்திருந்தால், தாத்தா இருந்திருப்பாரோ என்று தோன்றும். போதாததற்கு, 'கனவு என்பது ஆழ்மனத்தின் மறைவான ஆசை' என்று எங்கோ ஒரு வார இதழில் படித்திருந்தேன். அப்படியென்றால் தாத்தா போய்விட வேண்டும் என்று உள்ளுக்குள் நானே ஆசைப்பட்டேனா? நான் அவ்வளவு கெட்டவனா? இதை யாரிடமும் கேட்கவில்லை. கேட்கவும் முடியவில்லை.

மாணவர்களே, இப்படி ஒரு கனவை உங்களில் யாராவது இன்று யாருக்கும் சொல்லாமல் வைத்திருக்கக்கூடும். அதனால்தான் இந்த வாரம் ஆழ்மனத்தைப் பற்றிப் பேசலாம் என்று நினைத்தேன். உளவியல் நூல்கள் இதை 'நனவிலி மனம்' என்கின்றன. நாம் உணராமலேயே நமக்குள் வேலை செய்யும் மனம் என்று பொருள். அப்படி ஒன்று உண்மையில் இருக்கிறதா? இருந்தால், அது நம் கனவில் வந்து நம்மைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிறதா?

கைக்குள் ஒளித்த ஊசி

முதல் கேள்விக்கான விடை, சுவிட்சர்லாந்தின் ஜெனிவா நகரில் ஒரு கைகுலுக்கலில் கிடைத்தது. எட்வார்ட் கிளாபரேட் என்ற மருத்துவரிடம் ஒரு பெண் நோயாளி இருந்தார். நோயினால் அவருடைய நினைவாற்றல் கெட்டுப்போயிருந்தது. மருத்துவரை நாள்தோறும் பார்த்தாலும், ஒவ்வொரு முறையும் முதல் தடவை சந்திப்பவரைப்போல் வணக்கம் சொல்வார்.

ஒருநாள் கிளாபரேட் தம் விரல்களுக்கிடையே ஓர் ஊசியை ஒளித்து வைத்துக்கொண்டு கை கொடுத்தார். பெண்ணுக்கு நறுக்கென்று குத்தியது. (இன்றைய ஆய்வு நெறிமுறைகள் இதை அனுமதிக்கா. நீங்களும் செய்து பார்க்காதீர்கள்.) சிறிது நேரத்தில் அவர் அந்தச் சம்பவத்தை முற்றிலும் மறந்துவிட்டார். ஆனால் கிளாபரேட் மறுபடியும் கை நீட்டியபோது, அவர் தம் கையைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டால் சரியான காரணம் சொல்லத் தெரியவில்லை. சிலர் கையில் ஊசியை ஒளித்து வைத்திருப்பார்கள் இல்லையா என்பதுபோல் ஏதோ பொதுவாகச் சொல்லிச் சமாளித்தார். தமக்கே அது நடந்தது என்பது அவருக்குத் தெரியாது.

1911இல் கிளாபரேட் இதை எழுதி வெளியிட்டார். குத்தியது யார், எப்போது என்று அந்தப் பெண்ணுக்கு நினைவில்லை. ஆனால் இந்தக் கையை நம்பாதே என்ற பாடம் மட்டும் அவருக்குள் எங்கோ பதிந்திருந்தது.

எங்கே பதிந்தது? அதற்கு விடை தேட இன்னொருவர் தம் வாழ்நாளையே கொடுக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவைச் சேர்ந்த ஹென்றி மொலேசன் கடுமையான வலிப்பு நோயால் அவதிப்பட்டவர். 1953இல், அவருக்கு 27 வயதாக இருந்தபோது, வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் அவருடைய மூளையின் இரு பக்கத்திலிருந்தும் ஹிப்போகேம்பஸ் என்னும் பகுதியின் பெரும்பங்கை அகற்றினார். கடற்குதிரைபோல் வளைந்திருப்பதால் அந்தப் பகுதிக்கு அந்தப் பெயர். வலிப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனால் அன்று முதல் புதிதாக எந்தச் சம்பவத்தையும் மொலேசனால் நினைவில் வைத்துக்கொள்ள முடியவில்லை. சாப்பிட்டு முடித்த சற்று நேரத்தில், சாப்பிட்டது மறந்துவிடும்.

கனடாவிலிருந்து வந்து அவரை ஆராய்ந்த பிரெண்டா மில்னர் ஒரு விளையாட்டைக் கொடுத்தார். ஒரு தாளில் இரட்டைக் கோட்டில் நட்சத்திரம் வரைந்திருக்கும். அந்த இரு கோடுகளுக்கும் நடுவே பென்சிலால் கோடு இழுக்க வேண்டும். ஆனால் தாளை நேராகப் பார்க்கக்கூடாது, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டுமே பார்க்க வேண்டும். இதை இன்று இரவே வீட்டில் செய்து பாருங்கள். ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியும், கையை மறைக்க ஒரு புத்தகமும் போதும். மேலே போக நினைத்தால் பென்சில் கீழே போகும். முதல் முறை எரிச்சலாக வரும். பத்தாவது முறை கை தானாகப் பழகிவிடும்.

மொலேசனுக்கும் அப்படித்தான் பழகியது. மூன்று நாளில் அவருடைய பிழைகள் மளமளவென்று குறைந்தன. ஆனால் ஒவ்வொரு நாளும், இப்படி ஒரு விளையாட்டைத் தம் வாழ்நாளில் பார்த்ததே இல்லை என்றுதான் சொன்னார். நன்றாக வரைந்ததைப் பார்த்து, இது கடினமாக இருக்கும் என்றல்லவா நினைத்தேன் என்று அவரே வியந்தாராம்.

நடந்த சம்பவங்களைப் பதியும் வழி வேறு, பழக்கத்தைப் பதியும் வழி வேறு என்பது இதிலிருந்து தெளிவாயிற்று. முதல் வழிக்கு ஹிப்போகேம்பஸ் வேண்டும். இரண்டாவதற்கு அது தேவையில்லை. நீங்கள் சைக்கிள் ஓட்டுவதும், கைப்பேசியில் பார்க்காமலே தட்டச்சு செய்வதும் இரண்டாவது வழியில் வந்தவை. எந்த விரல் எப்போது எங்கே போகிறது என்று கேட்டால் உங்களால் விளக்க முடியாது. ஆனால் விரலுக்குத் தெரியும்.

மொலேசன் 2008இல், 82 வயதில் இறந்தார். அதுவரை அறிவியல் உலகம் அவரை ஹெச்.எம். என்ற இரண்டு எழுத்துகளால் மட்டுமே அறிந்திருந்தது. அவரோடு பல பத்தாண்டுகள் பழகிய ஆய்வாளர் சூசன் கார்கின் ஒரு செய்தியைச் சொல்லியிருக்கிறார். மொலேசனுக்கு அவருடைய பெயரோ, தாங்கள் எப்போது சந்தித்தோம் என்பதோ நினைவில் நிற்காது. ஆனாலும் பார்த்த முகம்போல் தோன்றும். நீங்கள் என்னோடு உயர்நிலைப் பள்ளியில் படித்தவர்தானே என்பாராம். சம்பவங்கள் எல்லாம் அழிந்த பிறகும் பழக்கம் என்ற உணர்வு மிஞ்சியிருந்தது. அவருடைய பணிவும் நகைச்சுவையும் குறுக்கெழுத்துப் புதிரில் இருந்த ஆசையும்கூட மாறவில்லை.

ஆளுமை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இப்படிப்பட்டதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நாயைக் கண்டால் ஒதுங்குவது, மேடை ஏறினால் குரல் நடுங்குவது, சிலரைப் பார்த்ததுமே பிடித்துப்போவது ஆகியவற்றுக்கெல்லாம் எந்த ஊசி எப்போது குத்தியது என்று நமக்கு நினைவிருக்காது. 1980இல் வெளிவந்த ஒரு சோதனை இதில் என்னை மிகவும் வியக்க வைத்தது. ராபர்ட் ஜாயன்ஸும் அவருடைய சக ஆய்வாளரும், சில பலகோண வடிவங்களை ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் திரையில் மின்ன விட்டார்கள். பின்னர், எந்த வடிவத்தை ஏற்கெனவே பார்த்தீர்கள் என்று கேட்டபோது மாணவர்களால் சொல்ல முடியவில்லை. குத்துமதிப்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் எது பிடித்திருக்கிறது என்று கேட்டால், ஏற்கெனவே மின்னிய வடிவங்களையே அதிகமாகத் தேர்ந்தெடுத்தார்கள். பார்த்தது தெரியாது, பிடித்தது மட்டும் தெரியும். விளம்பரக்காரர்கள் ஒரே படத்தை ஏன் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

விளையாடியது நினைவில்லை, கனவில் வந்தது

ஆக, ஆழ்மனம் என்பது கற்பனை இல்லை. இனி கனவுக்கு வருவோம்.

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் ஸ்டிக்கோல்டு ஒருநாள் குடும்பத்தோடு மலையேறிவிட்டு வந்து படுத்தார். கண் செருகும் நேரத்தில், பாறைகளைப் பிடித்து ஏறுவதுபோலவே உணர்ந்தார். விழித்துக்கொண்டு மீண்டும் தூங்கப் போனால், மீண்டும் அதே பாறை. பகலில் செய்தது இரவில் ஏன் இப்படித் திரும்பி வருகிறது? ஆனால் ஆய்வுக்காக எல்லாரையும் மலைக்கு அழைத்துச் செல்ல முடியாதே. அதற்குப் பதிலாக அவர் தேர்ந்தெடுத்தது டெட்ரிஸ். 1984இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கிய அந்த விளையாட்டு உங்களுக்கும் தெரிந்திருக்கும். மேலிருந்து விழும் கட்டங்களைத் திருப்பித் திருப்பி அடுக்க வேண்டும்.

27 பேர் மூன்று நாள்களில் மொத்தம் 7 மணி நேரம் டெட்ரிஸ் ஆடினார்கள். இரவில் அவர்கள் உறங்கத் தொடங்கும் வேளையில் எழுப்பி, மனத்தில் என்ன ஓடுகிறது என்று கேட்டார்கள். பலருக்கும் கட்டங்கள் விழுந்துகொண்டிருந்தன. இதில் பெரிய வியப்பில்லை. இடைவிடாமல் விளையாடிவிட்டுப் படுத்த யாருக்கும் இந்த அனுபவம் இருக்கும்.

வியப்பு எங்கே என்றால், அந்த 27 பேரில் 5 பேர் மொலேசனைப்போல் நினைவாற்றலை இழந்தவர்கள். ஒவ்வொரு முறையும் விளையாட்டை அவர்களுக்குப் புதிதாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. இரவில் எழுப்பிக் கேட்டபோது, பகலில் விளையாடியதே அவர்களுக்கு நினைவில்லை. ஆனால் அந்த 5 பேரில் 3 பேர், ஏதோ வடிவங்கள் விழுவதும் திரும்புவதும் தெரிகிறது, அவை என்னவென்று புரியவில்லை என்றார்கள்.

இந்த இடத்தில் சற்று நின்று யோசியுங்கள். தாம் என்ன செய்தோம் என்று அறியாத ஒருவருக்கு, அவர் செய்தது கனவுத் தோற்றமாக வருகிறது. அப்படியானால் கனவுக்குச் சரக்கு நாம் நினைவுகூரக்கூடிய நினைவுகளிலிருந்து மட்டும் வருவதில்லை. நமக்கே எட்டாத கிடங்கிலிருந்தும் வருகிறது. 2000இல் இந்த ஆய்வு வெளியானபோது ஆய்வாளர்கள் பரபரப்படைந்ததற்குக் காரணம் இதுதான். அந்தக் கிடங்கைப் பற்றி நூறு ஆண்டுகளாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆனால் கையில் பிடித்துக் காட்டியவர்கள் குறைவு.

பேசத் தொடங்கியவர் வியன்னாவின் சிக்மண்ட் பிராய்டு. அவருடைய கனவு விளக்க நூல் 1899 நவம்பரில் வெளிவந்தது. புதிய நூற்றாண்டோடு அது தொடங்கட்டும் என்று முதல் பக்கத்தில் 1900 என்று அச்சிட்டார்கள். அச்சடித்த 600 படிகள் விற்றுத் தீர எட்டு ஆண்டுகள் ஆயின! ஏற்க முடியாத ஆசைகளை நாம் ஆழ்மனத்தில் அமுக்கி வைக்கிறோம், அவை இரவில் மாறுவேடம் போட்டுக் கனவாக வருகின்றன என்றார் பிராய்டு. என்னைப் பயமுறுத்திய வார இதழ் சொன்னது இதைத்தான்.

இதில் உள்ள சிக்கல், இதைச் சோதிக்க வழியில்லை என்பதே. கனவில் தாத்தா இறந்தால் அது மறைந்த ஆசை. தாத்தா நலமாக இருந்தால் அந்த ஆசை மாறுவேடம் போட்டிருக்கிறது. எது நடந்தாலும் சரியாகிவிடும் கருத்தை அறிவியலில் எப்படித் தவறென்று காட்டுவது? காட்ட முடியாது என்பதால்தான் பெரும்பாலான ஆய்வாளர்கள் அதைக் கைவிட்டார்கள். ஆனால் பிராய்டு சொன்னதில் ஒரு துண்டு மட்டும் சோதனையில் தேறியது. 2004இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலறிஞர் மாணவர்களிடம், உறங்குவதற்கு முன் தெரிந்த ஒருவரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு அவரை மட்டும் நினைக்கவே கூடாது என்றார். வேறு சிலரிடம் அவரைப் பற்றி நினைக்கச் சொன்னார். நினைக்கக் கூடாது என்று முயன்றவர்களின் கனவில்தான் அந்த நபர் அதிகம் வந்தார். சண்டை போட்ட நண்பனை மறக்கப் பாடுபடும் நாள்களில் அவனே கனவில் வந்து நின்றால், இது ஒரு காரணமாக இருக்கலாம்.

கனவு நேரத்தில் மூளையில் என்ன நடக்கிறது என்பதும் இப்போது ஓரளவு தெரியும். 1953இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கியும் நத்தானியேல் கிளைட்மனும், உறங்குபவரின் மூடிய இமைக்குள் கண்கள் அவ்வப்போது விறுவிறுவென்று அசைவதைக் கண்டறிந்தார்கள். அசெரின்ஸ்கி தம் எட்டு வயது மகனையே ஆய்வுக்கூடத்தில் படுக்க வைத்துச் சோதித்தார். இந்த விழியசைவுத் தூக்கம் ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒருமுறை வரும். அப்போது எழுப்பினால் பெரும்பாலும் தெளிவான ஒரு கனவைச் சொல்வார்கள். அந்நேரத்தில் அச்சத்தையும் உணர்ச்சியையும் கையாளும் அமிக்டலா சுறுசுறுப்பாக இருக்கிறது. இது நடக்கக்கூடியதா, சரியா என்று நிதானமாக எடைபோடும் முன்மூளைப் பகுதி சற்று அடங்கிவிடுகிறது. பள்ளிச் சீருடை இல்லாமல் தேர்வு மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும்போது, 'இது கனவு' என்று உங்களுக்குத் தோன்றாததன் காரணம் அதுதான். அச்சம் மட்டும் நிஜம்போல் இருக்கும்.

நம் காட்டிலிருந்து புறப்பட்ட கதை

கனவைப் படித்துச் சொல்கிறேன் என்பவர்களை நம்பும் முன், நம் நாட்டோடு தொடர்புடைய ஒரு கதையைக் கேளுங்கள்.

1930களில் கில்டன் ஸ்டூவர்ட் என்ற அமெரிக்கர் மலாயாவுக்கு வந்தார். தைப்பிங்கில் பேராக் அரும்பொருளகத்தில் பணியாற்றிய பேட் நூன் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து, காட்டில் வாழ்ந்த தெமியார் பூர்வக்குடியினரைச் சந்தித்தார். 1951இல் ஒரு கட்டுரை எழுதினார். இந்த மக்கள் காலைதோறும் பசியாறும்போது பிள்ளைகளிடம் கனவைக் கேட்பார்கள், கனவில் புலி வந்தால் ஓடாதே, எதிர்த்து நில் என்று பயிற்சி தருவார்கள், அதனால்தான் அவர்களிடையே நூற்றாண்டுகளாக வன்முறையோ மனநோயோ கிடையாது என்று அதில் எழுதினார்.

1960, 70களில் அமெரிக்காவில் இந்தக் கட்டுரை தீப்போல் பரவியது. குழுக் குழுவாக உட்கார்ந்து, மலாயாக் காட்டு முறை என்று கனவுப் பயிற்சி செய்தார்கள். இதற்கிடையில் செமாய் மக்களோடு வாழ்ந்த ராபர்ட் டென்டன், தெமியார் மக்களோடு வாழ்ந்த ஜெப்ரி பெஞ்சமின் போன்றவர்கள் அப்படி ஒரு காலைப் பயிற்சியைக் காணவே இல்லை. 1985இல் வில்லியம் டொம்ஹாஃப் இவற்றையெல்லாம் தொகுத்து ஒரு புத்தகமாக எழுதினார். ஸ்டூவர்ட் தம் சொந்தக் கருத்துகளைத் தெமியார் மக்கள்மீது ஏற்றிச் சொன்னார் என்பது அதில் வெளிப்பட்டது.

எனக்கு வருத்தம் தருவது, இந்தப் பரபரப்பில் உண்மையான செய்தி அடிபட்டுப் போனதுதான். தெமியார் மக்கள் கனவை உண்மையிலேயே போற்றுகிறவர்கள். கனவில் ஒரு மரத்தின், மலையின், ஆற்றின் ஆவி வந்து பாட்டுக் கொடுக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. கனவில் பெற்ற அந்தப் பாட்டை ஒருவர் பாட, பெண்கள் மூங்கில் குழாய்களைத் தட்டிக்கொண்டு பின்பாட்டுப் பாடுவார்கள். நோயுற்றவருக்காகவும் பாடுவார்கள். மரினா ரோஸ்மன் என்ற ஆய்வாளர் இதைக் கேட்டுப் பதிவுசெய்து 1991இல் நூலாக்கினார். அந்த மக்களிடம் உட்கார்ந்து கேட்டதால் அவருக்குக் கிடைத்த செய்தி இது.

பல் கனவுக்குத் திரும்புவோம்

என் 14 வயதுக் கேள்விக்கு இப்போது என்னால் ஓரளவு பதில் சொல்ல முடியும்.

முதலில் ஒரு கணக்கு. ஒரே இரவில் விழியசைவுத் தூக்கம் நான்கைந்து முறை வரும். குறைத்தே மதிப்பிட்டு, ஒருவருக்கு நான்கு கனவு என்று வையுங்கள். 30 பேர் உள்ள உங்கள் வகுப்புக்கு ஓர் இரவில் 120 கனவு. ஓர் ஆண்டில் 43,800. இவற்றில் பெரும்பாலானவை பல் விளக்குவதற்குள் மறந்துவிடும். அடுத்த சில நாளில் நடக்கும் ஏதோ ஒன்றோடு தற்செயலாக ஒத்துப்போகும் ஒன்றிரண்டு மட்டும் மறக்காது. என் தாத்தா இரண்டு ஆண்டுகளாகப் படுக்கையில் இருந்தவர். அந்த இரண்டு ஆண்டில் நான் கண்ட மற்றக் கனவுகளில் ஒன்றுகூட இன்று என் நினைவில் இல்லை.

இரண்டாவது, கெட்ட கனவு கண்டவன் கெட்டவன் ஆகமாட்டான். கால்வின் ஹாலும் ராபர்ட் வான் டி கேசிலும் 100 மாணவர்கள், 100 மாணவிகளிடமிருந்து ஆளுக்கு ஐந்தாக 1,000 கனவுகளைப் பெற்று, 1966இல் ஒவ்வொன்றையும் வகைப்படுத்தினார்கள். அவற்றில் நல்லது நடப்பதைவிடக் கெட்டது நடப்பதே அதிகம். சாதாரண, நலமான பிள்ளைகளின் கனவுகள் அவை. பகலில் நம் மனத்தை அரிக்கும் கவலைகளே கனவில் தொடர்கின்றன என்பது அவர்கள் வழியில் வந்த ஆய்வாளர்களின் முடிவு. படுக்கையில் இருக்கும் தாத்தாவைப் பற்றிக் கவலைப்படும் பையனுக்கு வேறு என்ன கனவு வரும்? (அதே கெட்ட கனவு அடிக்கடி வந்து உங்கள் தூக்கத்தைக் கெடுத்தால், பள்ளி ஆலோசக ஆசிரியரிடம் சொல்லுங்கள். நான் சொல்லியிருக்க வேண்டும்.)

ஆனால் ஏன் பல்? 2018இல் இரண்டு ஆய்வாளர்கள் 210 பேரிடம் பல் விழும் கனவைப் பற்றி விசாரித்தார்கள். அந்தக் கனவுக்கும் மனச்சோர்வுக்கும் தொடர்பு தெரியவில்லை. ஆனால் காலையில் எழும்போது பல்லிலும் ஈறிலும் தாடையிலும் இறுக்கத்தை உணர்பவர்களுக்கு அந்தக் கனவு அதிகம் வந்தது. வாயில் இருக்கும் அசௌகரியத்தை உறங்கும் மூளை உணர்ந்து, அதை ஒரு கதையாக்கிவிடுகிறது போலும்.

அந்த ஆய்வைப் படித்த அன்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 20 வயதைத் தாண்டியபின் ஒருமுறை பல் மருத்துவரிடம் போயிருந்தேன். அவர் என் கடைவாய்ப் பற்களைப் பார்த்துவிட்டு, "ராத்திரியில பல்லைக் கடிக்கிறீங்களா? சின்ன வயசிலிருந்தே இருக்கும் போல, நல்லா தேஞ்சிருக்கு" என்றார். 14 வயதில் நான் கண்ட கனவுக்கு அதுதான் காரணமா என்று இனிக் கண்டுபிடிக்க வழியில்லை. ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் மாமாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அந்த கிளினிக்கு நம்பர் என்ன?" என்றார்.